துக்க வீட்டுக்குள் தேவதை வியாபாரம்

டிஸ்கி: நீளமான பதிவு, கொஞ்சம் சூடான பதிவும் கூட. டீயை எடுத்து வெச்சுக்கிட்டு உக்காருங்க.

1997-ல் ‘ஃபேரி டேல்: எ ட்ரூ ஸ்டோரி’ன்னு ஒரு படம் வந்தது. பீட்டர் ஓ'டூல் கானன் டாயிலாகவும், ஹார்வி கைட்டல் ஹூடினியாகவும் நடிச்ச படம். முதல் உலகப்போர் நேரம். இங்கிலாந்துல ஒரு கிராமம். மகனைப் பறிகொடுத்துட்டு நொறுங்கிப்போன ஒரு குடும்பம். போர்ல காணாமப்போன அப்பாவுக்காகக் காத்திருக்கும் ஒரு குட்டிப்பொண்ணு. ரெண்டு சிறுமிகள் ஓடைக்கரையில குட்டித் தேவதைகளைப் போட்டோ பிடிக்கிறாங்க. அந்த வீட்டுக்கும் ஊருக்கும் நாட்டுக்கும் நம்பிக்கை திரும்பி வருது. கடைசியில அப்பாவும் வந்துடறார். தேவதைகளும் நெசமாவே பறந்து வருதுங்க. சுபம்.

நம்ம நண்பர்கள் சிலர் இதைப் பார்த்துட்டு உருகி உருகி எழுதறதைப் படிச்சுட்டுத்தான் இந்தப் பதிவு. ‘பொய்யா இருந்தா என்னங்க, துக்கத்துல இருந்தவங்களுக்கு ஒரு ஆறுதல் கிடைச்சுதே, ஒரு அதிசயம் கிடைச்சுதே’ என்பதுதான் எல்லாருடைய வாதமும். நல்ல மனசுக்காரங்க, சரி. ஆனா இந்த வாதம் எனக்குக் கொஞ்சமும் ஆகலை. படத்தோட தலைப்புல இருக்கிற ‘ட்ரூ’ங்கிற வார்த்தையிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

அந்தக் குடும்பம் நிஜமாவே இருந்த குடும்பம். பிராட்ஃபோர்டு பக்கத்துல காட்டிங்லின்னு ஒரு ஊர். ஆர்தர் ரைட் ஒரு எலக்ட்ரீஷியன், போட்டோ பிடிக்கிறதுல ஆர்வம், வீட்டுலயே இருட்டறை வெச்சிருந்தார். மனைவி பாலி. மகள் எல்ஸி, 16 வயசு. 1917-ல் தென்னாப்பிரிக்காவிலிருந்து பாலியோட தங்கச்சியும் அவர் மகள் ஃபிரான்சஸும் (9 வயசு) வந்து அந்த வீட்டுல தங்கினாங்க. ஃபிரான்சஸோட அப்பா ராணுவத்துல, பிரான்ஸ் போர்முனையில இருந்தார். படத்துல வர்ற செத்துப்போன மகன்? அப்படி ஒருத்தன் கிடையாது. எல்ஸி ஒரே பொண்ணு. கதைக்கு ஒரு பிணம் தேவைப்பட்டுது, சினிமாக்காரங்க ஒரு பையனைப் பெத்துக் கொன்னுட்டாங்க. ஏன் தேவைப்பட்டுதுன்னு யோசிச்சுப் பாருங்க. அந்தப் பிணம் இல்லாட்டி இது ரெண்டு வாலுப் பொண்ணுங்க பெரியவங்களை ஏமாத்தின கதை. பிணத்தை வெச்சா ‘துக்கத்திலும் துளிர்த்த நம்பிக்கை’. ஒரு சாவைக் கூட்டிச் சேர்த்தா பொய் புனிதமாயிடுது.

நிஜத்துல நடந்தது ரொம்பச் சின்ன விஷயம். வீட்டுக்குப் பின்னாடி ஒரு ஓடை. புள்ளைங்க தினமும் போய் ஷூவையும் பாவாடையையும் நனைச்சுக்கிட்டு வந்தாங்க. அம்மாக்கள் திட்டினாங்க. ‘அங்க அப்படி என்னதாண்டி இருக்கு?’ ‘தேவதைங்க இருக்கு, பாக்கப் போறோம்.’ பெரியவங்க சிரிச்சாங்க. அந்தச் சிரிப்புக்குப் பதிலடிதான் முதல் போட்டோ. எல்ஸி படம் நல்லா வரைவா. ‘பிரின்சஸ் மேரிஸ் கிஃப்ட் புக்’ன்னு போர்க்கால நிதிக்காக வெளியான ஒரு குழந்தைகள் புத்தகம். அதிலிருந்த நடனப் பொண்ணுங்க படத்தைப் பார்த்து வரைஞ்சு, றெக்கை ஒட்டவெச்சு, கத்தரிச்சு, தொப்பி ஊசியால புல்லுல குத்தி நிக்க வெச்சாங்க. அப்பாவோட ‘மிட்ஜ்’ கேமரால 1917 ஜூலையில ஒண்ணு. செப்டம்பர்ல ஒரு குள்ளப் பூதத்தோட இன்னொண்ணு. அவ்வளவுதான். அப்பாக்காரர் நம்பலை. பொண்ணுங்க ரூம்லயும் ஓடைக்கரையிலயும் காகிதத் துண்டு கிடக்குதான்னு தேடிப் பார்த்தார், அதுக்கப்புறம் கேமராவைக் கையில தரமாட்டேன்னுட்டார். சராசரி அப்பா. நம்ம வீட்டுலயும் அதானே நடக்கும்?

ஃபிரான்சஸ் தென்னாப்பிரிக்காவுல இருந்த தோழிக்கு எழுதின கடுதாசியில அப்பா வந்த சேதி, யுத்தம் சீக்கிரம் முடிஞ்சுடும்னு எல்லாரும் நினைக்கிற சேதியோட இந்தப் போட்டோவையும் சேர்த்து அனுப்பியிருக்கா. ஆப்பிரிக்காவுல தேவதைங்களைப் பார்த்ததே இல்லை, அங்க வெயில் ஜாஸ்தியோ என்னவோன்னு பின்னாடி ஒரு குறிப்பு. எனக்கு இந்த மொத்தக் கதையிலும் பிடிச்ச இடம் இதுதான். அப்பா போர்முனையில இருக்கிற ஒரு ஒன்பது வயசுப் புள்ளைக்கு ஓடையும் கத்தரிக்கோலும் அக்காவும் கிடைச்சது பெரிய அதிசயம்தான். அதை நான் மறுக்கலை. அது அவங்க ரெண்டு பேரோட அதிசயம். அதைப் பிடுங்கிக்கிட்டுப் போனவங்க மேலதான் என் கோபம்.

பிடுங்கினது யாரு? இங்கதான் நம்ம ஊரு உள்ளே வருது. 1919-ல் பாலி, பிராட்ஃபோர்டு தியசாபிகல் சொசைட்டி கூட்டத்துக்குப் போனார். தேவதைங்களைப் பத்தி அன்னிக்குப் பேச்சு. ‘எங்க வீட்டுலயும் ரெண்டு போட்டோ இருக்குங்க’ன்னு சொன்னார். அங்கிருந்து லண்டன்ல எட்வர்ட் கார்ட்னர்ங்கிற தியசாபிஸ்ட் கைக்குப் போச்சு. இந்த சொசைட்டியோட தலைமையகம் எது? நம்ம அடையாறு. ஆலமரம் பார்க்கப் போவோமே, அதே இடம். இன்னொரு வேடிக்கை: 1917-ல் அந்த முதல் போட்டோ எடுக்கப்பட்ட நேரத்துல சொசைட்டியோட தலைவர் அன்னி பெசன்ட், ஹோம் ரூல் பேசினதுக்காக வெள்ளைக்கார அரசாங்கத்தால ஊட்டியில காவல்ல வைக்கப்பட்டிருந்தார். அந்தம்மாவோட அரசியலுக்கு என் வணக்கம். அந்த சொசைட்டியோட ஆவி, தேவதை சமாச்சாரங்களுக்கு ஒரு பெரிய கும்பிடு, தூரத்துலேர்ந்து :)

கார்ட்னர் போட்டோத் தட்டுகளை ஹரால்ட் ஸ்னெல்லிங்ங்கிற நிபுணர்கிட்ட காட்டினார். அவர் ‘ரெண்டு படத்தை ஒட்டினது இல்லை, ஒரே எக்ஸ்போஷர்தான்’னார். உண்மைதான்! கேமராவுக்கு முன்னாடி நின்ன காகிதத்தைத்தானே கேமரா பிடிச்சுது? கோடாக் கம்பெனி சான்றிதழ் தரமாட்டேன்னுட்டுது. இல்ஃபோர்ட் கம்பெனி போலி மாதிரித்தான் இருக்குன்னுட்டுது. கார்ட்னர் தனக்குத் தேவையான பதிலை மட்டும் பையில போட்டுக்கிட்டார். ஸ்னெல்லிங்கை வெச்சு படத்தைத் தெளிவாக்கி, பிரதி போட்டு, தன்னோட கூட்டங்கள்ல வித்தார். ஆறுதல்னு சொல்றீங்களே, அதுக்கு விலை இருந்துச்சு மக்களே.

அடுத்து வந்தவர் சர் ஆர்தர் கானன் டாயில். ‘பாவம்யா, மகன் போரில் செத்துட்டான், அதனால ஆவியை நம்ப ஆரம்பிச்சார்’னு எல்லாரும் எழுதறாங்க. தப்பு. அவருக்கு 1880-களிலிருந்தே இதுல ஆர்வம் உண்டு. 1916-லேயே நான் ஆவியுலகை நம்பறேன்னு பகிரங்கமா எழுதிட்டார். மகன் கிங்ஸ்லி இறந்தது 1918 அக்டோபர்ல. சோம் போர்க்களத்துல 1916-ல் காயம்பட்டு, கடைசியில அந்த வருஷத்து விஷக்காய்ச்சல்ல நிமோனியா வந்து போனார். 1919 பிப்ரவரியில தம்பி இன்னஸும் நிமோனியாவுல போனார். துக்கம் பெருசு, சந்தேகமில்லை. ஆனா துக்கம் வர்றதுக்கு முந்தியே கடை போட்டாச்சு. அப்புறம் அந்தத் துக்கமே கடைக்கு விளம்பரப் பலகை ஆயிடுச்சு. (அவங்கப்பா சார்லஸ் டாயில் மனநல விடுதியில இருந்துக்கிட்டு தேவதைப் படமா வரைஞ்சு தள்ளினவர். அதைத் தனிப் பதிவா எழுதலாம்.)

ஸ்ட்ராண்ட் பத்திரிகை கிறிஸ்துமஸ் இதழுக்கு தேவதைங்களைப் பத்தி டாயில்கிட்ட கட்டுரை கேட்டிருந்துது. சரியா அந்த நேரத்துல போட்டோ சேதி வருது. அனுமதி கேட்டு எழுதறார். ஆர்தர் ரைட் அனுமதி கொடுத்தார், ஆனா காசு வேண்டாம்னுட்டார். படம் நெசம்னா அதைப் பணத்தால அழுக்காக்கக் கூடாதுன்னு சொன்னாராம். அந்த வீட்டுல இருந்த ஒரே பெரிய மனுஷன்! 1920 ஆகஸ்ட்ல கார்ட்னர் ரெண்டு கேமராவும், ரகசியக் குறி வெச்ச தட்டுகளும் கொடுத்து இன்னும் எடுங்கன்னார். அடுத்தவங்க பார்த்தா தேவதை வராதுன்னு புள்ளைங்க கறாராச் சொல்லிட்டாங்க. பாலி தன் சகோதரி வீட்டுக்கு டீ சாப்பிடப் போயிட்டார். திரும்பி வந்தா போட்டோ ரெடி. மொத்தம் மூணு.

இப்ப தேதிகளைக் கவனிங்க. 1920 நவம்பர் 11, வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில ‘பெயர் தெரியாத வீரன்’ அடக்கம் நடக்குது. லட்சக்கணக்குல ஜனங்க வரிசையில நின்னு அழறாங்க. ஏன் அப்படி அழுதாங்க? 1915-லேயே அரசாங்கம் பிணங்களை ஊருக்குக் கொண்டுவரக் கூடாதுன்னு தடை போட்டுட்டுது. மகன் செத்தான்னு தந்தி வரும், உடம்பு வராது. சமாதி எங்கேன்னு தெரியாது, சில சமயம் சமாதியே கிடையாது. எங்கேயோ இருக்கிற அந்த ஒரு பொட்டிக்குள்ள என் புள்ளையா இருக்கலாமேன்னு ஒவ்வொரு தாயும் நினைச்சுக்க இடம் இருந்துச்சு. அது முடிஞ்சு சில வாரத்துக்குள்ள ஸ்ட்ராண்ட் டிசம்பர் இதழ் கடைக்கு வருது. சீக்கிரமே வித்துத் தீர்ந்துடுச்சு. தேவதை உண்டுன்னு ஒத்துக்கிட்டா அப்புறம் ஆவியுலகச் சேதியை ஒத்துக்கறது சுலபம்னு டாயில் கட்டுரையிலயே சொல்றார். ஒளிச்சு மறைச்சு இல்லை, பச்சையா. ரெண்டு பொண்ணுங்களோட விளையாட்டு, துக்க வீட்டுக் கதவைத் திறக்கிற கள்ளச்சாவி ஆயிடுச்சு.

அந்தக் கதவுக்குள்ள யாரெல்லாம் காத்துக்கிட்டு இருந்தாங்கன்னும் பாக்கணும். சர் ஆலிவர் லாட்ஜ் சாதாரண ஆள் இல்லை. ரேடியோ அலைகளை ஆரம்பத்துல ஆராய்ஞ்ச பெரிய இயற்பியலாளர். 1915 செப்டம்பர்ல அவர் மகன் ரேமண்ட் ஈப்ர் பக்கத்துல செத்தான். 1916-ல் ‘ரேமண்ட்’னு புத்தகம் போட்டார். மீடியம் அம்மா ஒருத்தர் மூலமா மகன் மேலுலகத்துலேர்ந்து பேசினதெல்லாம் அதுல இருக்கு. அங்கே சுருட்டும் விஸ்கி சோடாவும் கிடைக்குதுங்கிற தகவல் உட்பட. நான் சிரிக்கலை. மகனுக்கு அங்கேயாவது ஒரு சுருட்டு கிடைக்கணும்னு நினைக்கிற அப்பனைப் பார்த்து எப்படிச் சிரிக்கிறது? ஆனா அதே லாட்ஜ், காட்டிங்லி போட்டோக்களைக் காட்டினப்ப இது டுபாக்கூர்னு சந்தேகப்பட்டார்ங்கிறதையும் சேர்த்துச் சொல்லணும். தன் துக்கம் சம்பந்தப்படாத இடத்துல மூளை ஒழுங்கா வேலை செஞ்சிருக்கு.

ஆடா டீன்னு இன்னொரு அம்மா. ‘ஆவி போட்டோ’ எடுக்கறவங்க. போர்நிறுத்த நாள்ல சென்டாஃப் நினைவுத்தூண் முன்னாடி ரெண்டு நிமிஷ மௌனம் நடக்கும்போது போட்டோ எடுப்பாங்க. கூட்டத்துக்கு மேல மேகம் மாதிரி செத்த பையன்களோட முகமா மிதக்கும். தாய்மார் அதுல தங்கள் மகனைத் தேடினாங்க. சிலர் கண்டும் பிடிச்சாங்க. 1924-ல் டெய்லி ஸ்கெட்ச் பத்திரிகை அந்த முகங்களை அடையாளம் காட்டுச்சு. உயிரோட இருக்கிற ஃபுட்பால் ஆட்டக்காரங்க. கூடவே பேட்லிங் சிக்கிங்கிற குத்துச்சண்டைக்காரர்! அடுத்த நாள் காலையில அந்தத் தாய் பேப்பரைப் பிரிச்சு, தான் முத்தம் கொடுத்துக்கிட்டிருந்த முகம் எவனோ ஒரு ஆட்டக்காரனோடதுன்னு பார்க்கிறாள். ஒரு சாவுக்கு ரெண்டு தடவை அழவெச்சாச்சு. இதை ஆறுதல்னு சொல்றவங்க, அந்த ரெண்டாவது அழுகையைக் கணக்குல சேர்த்துட்டுச் சொல்லுங்க.

படத்துல நல்லவராக் காட்டற ஹூடினிக்கும் காட்டிங்லிக்கும் சம்பந்தமே கிடையாது. ஆனா அவருக்கும் டாயில் தம்பதிக்கும் நடந்தது வேற. 1922 ஜூன்ல அட்லாண்டிக் சிட்டியில, லேடி டாயில் ஹூடினியோட செத்துப்போன அம்மா ஆவியை வரவழைச்சு பக்கம் பக்கமா எழுதினார். உச்சியில சிலுவைக்குறி, அப்புறம் சுத்தமான இங்கிலீஷ். அந்தம்மா ஒரு யூத ரப்பியோட மனைவி, இங்கிலீஷ் பேசத் தெரியாதவங்க. அம்மா மேல உயிரையே வெச்சிருந்த ஹூடினிக்கு எப்படி இருந்திருக்கும்? அந்த நட்பு அதோட நாசமாப் போச்சு.

‘பகுத்தறிவு பேசறவனுக்கு மனசு கிடையாது’ங்கிற பழைய பல்லவி இப்ப வரும்னு தெரியும். எங்க வீட்டுல அமாவாசைக்கு அம்மா காக்காய்க்குச் சோறு வெச்சுட்டு, அப்பா வந்து சாப்பிட்டுட்டார்னு சொல்வாங்க. நான் ஒரு நாளும் வாயைத் திறந்ததில்லை. திறக்கவும் மாட்டேன். அந்தக் காக்கா யாருகிட்டயும் ஃபீஸ் வாங்கலை. அம்மாவும் அதைப் போட்டோ பிடிச்சு ‘விஞ்ஞானபூர்வமான ஆதாரம்’னு பத்திரிகைக்கு அனுப்பலை. ரெண்டும் ஒண்ணுன்னு சொன்னா எப்படிங்க?

போர்க்காலத் துக்கத்துல வேற வழியே இல்லையான்னா, இருந்துச்சு. நான் ருட்யார்ட் கிப்ளிங்கைப் புகழ்வேன்னு நானே எதிர்பார்க்கலை. ஏகாதிபத்திய ஆசாமி. கண் பார்வை சரியில்லைன்னு ராணுவம் திருப்பி அனுப்பின மகன் ஜானை சிபாரிசு பிடிச்சு உள்ளே தள்ளினவர். 1915 செப்டம்பர்ல லூஸ் போர்க்களத்துல 18 வயசுல ஜான் காணாமப்போனான். அப்பன் உயிரோட இருந்த வரைக்கும் உடம்பு கிடைக்கலை. மீடியம்கள் பின்னாடி போக எல்லாக் காரணமும் அவருக்கு இருந்துச்சு. போகலை. அவங்களை எச்சரிச்சு ஒரு கவிதையே எழுதினார், 1919-ல் வந்த தொகுப்புல இருக்கு. மகனோட படைப்பிரிவு ஆட்களைத் தேடித் தேடிப் பேசினார். அந்தப் பிரிவோட வரலாற்றை ரெண்டு தொகுதியா 1923-ல் கொண்டுவந்தார். போர்ச் சமாதி ஆணையத்துல சேர்ந்து கல்லறைகளுக்கு என்ன வாசகம் பொறிக்கணும்னு முடிவு பண்ணினார். அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல். ஒவ்வொரு பேரும் எங்கேயாவது ஒரு கல்லுல இருக்கணும். இதுலயும் ஓட்டை உண்டு. ஆப்பிரிக்க, ஆசிய வீரர்களை அதே மாதிரி நடத்தலைன்னு 2021-ல் அந்த ஆணையமே அறிக்கை விட்டு மன்னிப்பு கேட்டுது. அந்தப் போர்ல செத்த 74,000 இந்தியர்கள்ல எத்தனை அம்மாக்களுக்குக் கல்லுல பேர் கிடைச்சுதுன்னு தெரியும்? (நமக்கு அந்தப் போர்லேர்ந்து மிஞ்சினது 1914-ல் மெட்ராஸ்ல குண்டு போட்ட கப்பல் பேரு. இன்னிக்கும் விவரமான ஆளை ‘எம்டன்’னு சொல்றோம்.) ஓட்டையோட இருந்தாலும் தடவிப் பார்க்கிறதுக்கு ஒரு கல், ஒரு பேரு. யாரும் வந்து அது ஃபுட்பால் ஆட்டக்காரன் பேருன்னு சொல்லமுடியாது.

இப்ப அந்த ரெண்டு பொண்ணுங்களுக்கு வருவோம். படம் முடிஞ்ச இடத்துலதான் அவங்க கஷ்டம் ஆரம்பிக்குது. பத்திரிகையில பேரை மாத்தித்தான் போட்டாங்க. 1921 ஜனவரியிலேயே ஒரு நிருபர் வீட்டைக் கண்டுபிடிச்சு வந்து நின்னார். அப்புறம் ஜெஃப்ரி ஹாட்ஸன்னு ஒரு ஞானதிருஷ்டிக்காரர் வந்து, ஓடைக்கரை பூராவும் எனக்கு ஜீவன்கள் தெரியுதுன்னார். புள்ளைங்களும் அவர் சொல்றதுக்கெல்லாம் ஆமாம் போட்டுவெச்சாங்க. வேற என்ன செய்யும்? தப்பிக்கலாம்னு எல்ஸி அமெரிக்கா போனார், கல்யாணமாகி இந்தியாவிலும் இருந்தார். 1966-ல் டெய்லி எக்ஸ்பிரஸ் தேடிப் பிடிச்சுது. அப்புறம் டிவிக்காரங்க. ஒவ்வொரு தடவையும் அதே கேள்வி, அதே மழுப்பல். 1983-ல்தான், எல்ஸிக்கு 80 தாண்டி, ஃபிரான்சஸுக்கு 75 தாண்டி, காகிதம்தான்னு ஒத்துக்கிட்டாங்க. 66 வருஷம். ஷெர்லாக் ஹோம்ஸை உருவாக்கின மனுஷனை ஏமாத்திட்டோமேன்னு வெக்கமாகி வாயை மூடிக்கிட்டோம்னு எல்ஸி சொன்னார். நாங்க விளையாடினோம், அவங்க ஏமாற விரும்பினாங்கன்னு ஃபிரான்சஸ் சொன்னார். டாயில் 1930-ல் போயிட்டார், கார்ட்னர் 1969-ல். பெரியவங்க மானத்தைக் காப்பாத்த ஒரு 9 வயசுப் புள்ளை கிழவியாகிற வரைக்கும் பொய்யைச் சுமந்திருக்கு. உங்க ‘ஆறுதல்’ கணக்குல இந்தப் பத்தி எங்கேயாவது வருதா?

துக்கப்பட்டவங்களைப் பத்தி எனக்கு ஒரு வார்த்தை கிடையாது. அந்த போட்டோவைச் சட்டைப்பையில வெச்சுக்கிட்டவன் எவனையும் நான் கேள்வி கேக்கமாட்டேன். என் கேள்வி எல்லாம் கட்டுரை எழுதினவருக்கு, பிரதி வித்தவருக்கு, எழுபத்தஞ்சு வருஷம் கழிச்சு இல்லாத ஒரு பையனைச் சாகடிச்சு அதையே திரும்ப வித்த சினிமாக்காரருக்கு. அந்தப் பொண்ணுங்க ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டு 14 வருஷம் கழிச்சு வந்த படம் அது. அப்பவும் தேவதை நெசம்னே காட்டி, ‘ட்ரூ ஸ்டோரி’ன்னு பேரும் வெச்சாங்க. பார்க்கிறவங்க தாராளமாப் பாருங்க, ஓடை ரொம்ப அழகாத்தான் எடுத்திருக்காங்க. விமர்சனம் எழுதும்போது மட்டும் அந்த ரெண்டு வார்த்தையை மேற்கோள் குறிக்குள்ள போடுங்க சாமிகளா.

பி.கு 1: அஞ்சாவது போட்டோ மட்டும் நெசம்னு ஃபிரான்சஸ் 1986-ல் சாகிற வரைக்கும் சொல்லிக்கிட்டிருந்தார். எல்ஸி அதுவும் காகிதம்தான்னார். அந்தப் படத்தை நான்தான் எடுத்தேன்னு ரெண்டு பேருமே சொன்னாங்க. அதைப் பத்தி யாராவது கிண்டலாப் பின்னூட்டம் போட்டீங்கன்னா தூக்கிடுவேன்.

பி.கு 2: எல்ஸி பார்த்து வரைஞ்ச அந்த ‘பிரின்சஸ் மேரிஸ் கிஃப்ட் புக்’ல ஒரு சிறுகதையும் இருக்கு. எழுதினவர் பேரு ஆர்தர் கானன் டாயில்.